எட்டாம் குழாய்

ஜூன் 3, செவ்வாய்

லேபில் செல்கள் மறுபடி ஏமாற்றிவிட்டன. இத்தனை நாள் ஒழுங்காக ஆன்டிபாடி சுரந்துகொண்டிருந்த செல் வரிசை, போன வெள்ளியிலிருந்து நிறுத்திவிட்டது. சாகவில்லை. கொழுகொழுவென்று பெருகுகின்றன, வேலை மட்டும் செய்வதில்லை. "எங்க வீட்ல என் கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், அச்சு அசல் இதே மாதிரி" என்றாள் கோமளா. லேப் தலைவர் ஜாகீர் சார் சிரிக்கவில்லை. "டிசம்பர் வரைக்கும்தான் மேனேஜ்மென்ட் டைம் குடுத்திருக்கு. புது டோனர் கிடைக்கலன்னா ப்ராஜெக்ட்ட மூடிடுவாங்க" என்றார்.

கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் லிஃப்டில் கேட்டாள், "மேடம், நீங்க அப்படி என்னதான் செய்றீங்க?" நான்கு மாடி ஏறுவதற்குள் சொன்னேன். நெகட்டிவ் ரத்தம் உள்ள அம்மாவுக்குப் பாசிட்டிவ் ரத்தத்தோடு குழந்தை உண்டானால், குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள் கலந்துவிடும். அம்மாவின் உடம்பு அதை அந்நியமாக நினைத்து, எதிர்க்க ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் குழந்தை தப்பித்துவிடும். அடுத்த குழந்தையின் ரத்தத்தை அந்த ஆன்டிபாடி தேடிப்போய் அழிக்கும். பிரசவமாகி மூன்று நாளைக்குள் ஓர் ஊசி போட்டுவிட்டால் அம்மாவின் உடம்பு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. அந்த ஊசியைக் கொடையாளிகளின் ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பதற்குப் பதிலாக, செல்களை வளர்த்து நிறையச் செய்யப் பார்க்கிறோம்.

"நல்ல வேலை மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிக்கொண்டாள்.

குடிதண்ணீர் கேன் சொல்லியாயிற்று. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கைவசம் இருக்கும் கொடையாளிகள் எல்லோருடைய சீரத்தையும், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, சோதித்தோம். குழிகள் உள்ள தட்டில் பாசிட்டிவ் சிவப்பணுக்களை விட்டு, வரிசைக்கு ஒருவராக அவரவர் சீரத்தைக் குழிக்குக் குழி நீர்க்க வைத்துச் சேர்க்க வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் ரத்தம் குழியில் பாய் விரித்தது போலப் பரவி நிற்கும். இல்லையென்றால் அடியில் சின்னச் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும்.

ஏழு பேருடைய வரிசைகளும் பாதி தூரம் போவதற்குள் பொட்டு வைத்துவிட்டன. எட்டாவது வரிசை கடைசிக் குழி வரை பாய், அவ்வளவு வலு.

ஜாகீர் சார் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எட்டாம் குழாய் யாருது?"

"ஒப்பீட்டுக்கு வச்சிருக்கற சாம்பிள் சார். பழசு."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து."

கோமளா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்தான் நான்.

ஜூன் 18, புதன்

பரிதிக்கு இந்த வாரம் பகல் ஷிஃப்ட். சாயங்காலம் கணவனும் மனைவியுமாகப் பெசன்ட் நகர் போய்விட்டு வந்தோம். மாத்திரை இன்னும் வாங்கவில்லை. கடை பூட்டியிருந்தது.

ஜூன் 21, சனி

எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

எட்டாம் குழாயில் இருப்பது என் ரத்தம். கோமளா முன்பு ரத்த வங்கியில் இருந்தவள், ரத்தம் எடுப்பதில் கைதேர்ந்தவள். ஒப்பிட்டுப் பார்க்க வலுவான சாம்பிள் எங்கும் கிடைக்காதபோது என் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விதிப்படி தவறு. சாருக்குத் தெரியாது.

கல்யாணமான வருடம் உண்டான முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. அப்போது விருத்தாசலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பக்கத்தில் இருந்த நர்சிங் ஹோமில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ஊசி கையிருப்பில் இல்லை, சின்னக் கருதானே, பரவாயில்லை என்றார்கள். அந்தச் சின்னக் கருவிடம்தான் என் உடம்பு பாடம் படித்தது. அடுத்தது ஏழாம் மாதம் வரை வந்தது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

அதற்கப்புறம் பரிதியின் ரத்தத்தையும் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். குழந்தை என்னைப் போல நெகட்டிவாக அமைந்தால் ஒன்றும் ஆகாது. அவரைப் போல அமைந்தால் போன தடவையைவிடச் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். சரியான முடிவு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

இன்குபேட்டரைத் திறந்ததும் செல்கள் வளரும் மீடியத்தின் வாடை குடலைப் புரட்டியது. வருடக்கணக்காக முகர்கிற வாடை. "நேத்து சாம்பார் பழசு" என்றேன் கோமளாவிடம்.

"நேத்து ஞாயித்துக்கிழமை. எங்கிட்டதான் போன்ல பிரியாணின்னு சொன்ன" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

இரண்டு கோடுகள். பாத்ரூம் விளக்கில் ஒரு தடவை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தேன். ஆபீசுக்கு நேரத்துக்கே போய்விட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பரிதியிடம் சொல்லிவிட்டேன். சிங்க்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நாள் தள்ளிப்போயிருக்கு."

கை நின்றுவிட்டது. "டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"மாத்திரை?"

"நடுவுல விட்டுப்போச்சு. மறந்துட்டேன்."

"நீயா?" என்றார். "ஃப்ரீசர்ல இருக்கற குழாய்ல எது எங்க இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ. நீ மறந்துட்டியா?"

இஞ்சி தேவைக்கு மேல் நறுக்கியாயிற்று.

"என்னால இன்னொரு தடவ அந்த மயான வேன்ல ஏற முடியாது கோதை" என்றார். கழுவின மீனையே மறுபடி கழுவினார்.

சாப்பாட்டின்போது மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

டாக்டர் பெனிட்டாவிடம் போனோம். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கே ரத்தம் ஏற்றுகிறவர். அவரைத் தேடி வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ உங்க ஆன்டிபாடி அளவு பாப்போம். ஏறாம இருந்தா பாப்பா நெகட்டிவ்னு நம்பலாம். ஏறிச்சுன்னா..."

"தெரியும் டாக்டர்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா. சொல்றது என் வேலை." பரிதியின் பக்கம் திரும்பினார். "ஏறிச்சுன்னா பாசிட்டிவ். ரத்தம் குறைய ஆரம்பிக்கும்போது உள்ளயே ஏத்துவோம். அஞ்சாறு தடவகூட ஏத்த வேண்டி வரலாம். நெறையப் பேருக்கு நல்லபடியா முடிஞ்சிருக்கு. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."

வரும் வழியில் பரிதி கொய்யாப்பழம் வாங்கினார். அவருக்குக் கொய்யா பிடிக்காது.

ஆகஸ்ட் 30, சனி

ஏறவில்லை. பழைய அளவேதான். பரிதி விசிலடித்துக்கொண்டே துணி காயப்போட்டார். இந்த வீட்டில் விசில் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்குத்தான் என்னவோ செய்தது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எட்டாம் குழாயின் பழைய சீரம் தீரப்போகிறது என்பதால் திங்கட்கிழமை கோமளா புதிதாக எடுத்தாள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இன்று பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டினோம்.

பழைய வரிசையில் இன்னும் நீர்க்க வைத்தபோது ஓரிடத்தில் பொட்டு விழுந்தது. புதிய வரிசையில் விழவில்லை. அடுத்த தட்டை எடுத்துத் தொடர்ந்தேன். அதிலும் பாய், பாய், பாய்.

ஜாகீர் சார் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏறிருக்கு! பூங்கோதை, பாருங்க, மூணு மாசத்துல எட்டு மடங்கு! இது பழைய சாம்பிள் இல்ல, உயிரோட இருக்கற டோனர். யாரோ அவங்க உடம்ப மறுபடி தூண்டிவிட்டிருக்காங்க. எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரியும். குழந்தை பாசிட்டிவ். பெனிட்டாவின் லேப் இதைச் சொல்ல இன்னும் சில நாள் ஆகும். நான் என் கையாலேயே பார்த்துவிட்டேன்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கோமளா கதவைத் தட்டினாள். "தொற கோதை. நான்தான். தண்ணிய மூடிட்டு அழு, டேங்க் காலியாயிடும்."

திறந்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். விதியை மீறியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சிரிச்சேன்" என்றார். "உங்க முன்னாடி நின்னு சிரிச்சேன்."

"உங்களுக்குத் தெரியாதே சார்."

"லீவ் எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க. அந்தக் குழாய இனிமே யாரும் தொட மாட்டாங்க."

நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கக் கூடாது. கேக்கவும் மாட்டேன்" என்றார்.

"கேட்டுட்டீங்க சார்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். இப்போது என் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைச் செய்யும் செல்கள் மொய்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு சின்ன ட்யூப் போதும். அதிலிருந்து நல்ல செல் ஒன்றைப் பிடித்துவிட்டால், அதன் மரபணுவை எடுத்து வளர்ப்புச் செல்லில் வைத்துவிட்டால், சாரின் எட்டு வருடத் தேடல் முடிந்துவிடும். இதையெல்லாம் நான் யோசித்திருக்கக் கூடாது. பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

என் ரத்தத்தை லேபுக்குக் கொடுப்பது பற்றிப் பரிதியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம பொண்ண கொன்ன சாமான் அது. அத எடுத்து பாட்டில்ல போட்டு சாகாம வளக்கப் போறீங்களா?"

"அப்படி இல்லங்க. அதே ஆன்டிபாடிய கொஞ்சமா ஊசியில போட்டா, குழந்தையோட ரத்தத்த அம்மா உடம்பு கவனிக்கறதுக்கு முன்னாடியே அது தொடச்சு எடுத்துடும். அதனாலதான் அடுத்த குழந்தை பொழைக்குது. அளவுதான் வித்தியாசம்."

"எனக்கு அளவு வேணாம் கோதை. உன் கம்பெனிக்கு வேணும்னா வச்சுக்கட்டும்."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூன்று வருடத்தில் அவர் 'பொண்ணு' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நான் அவளைப் பார்க்கவில்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது அவர் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். சட்டைக் கையில் மண் இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. வெடிச் சத்தத்துக்கு உள்ளே திடுக்கிடுகிறது. அசைவு நன்றாகத் தெரிகிறது. இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "பழக்கப்படுத்திக்காதடி" என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

ஸ்கேன். ரத்தம் நீர்த்துப்போனால் வேகமாக ஓடும். குழந்தையின் மூளைக்குப் போகும் குழாயில் அந்த வேகத்தைப் பார்த்தார் பெனிட்டா. இரண்டு தடவை அளந்தார். பேனா மூடியைக் கடித்தார். "அடுத்த வாரம் ஏத்திடலாம்" என்றார்.

நவம்பர் 5, புதன்

முழித்திருந்தேன். வயிற்றை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முதலில் குழந்தை அசையாமலிருக்க ஒரு மருந்து. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்தது அப்படியே அடங்கிப்போனது. இதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, ஊசி இல்லை.

திரையில் தொப்புள் கொடி தெரிந்தது. அதற்குள் நூல் போல ஒரு ரத்தக் குழாய். அதற்குள் பெனிட்டா ஊசியைக் கொண்டுபோனார். "உள்ள இருக்கேன்" என்றார். முதலில் ஒரு துளியை இழுத்துச் சோதித்தார்கள். இளஞ்சிவப்பு. ரத்தம் மாதிரியே இல்லை, ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. பிறகு யாரோ ஒருவர் கொடுத்த ஓ நெகட்டிவ் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அந்தச் சிவப்பணுக்களை என் ஆன்டிபாடி ஒன்றும் செய்யாது. குழந்தையுடையதை மட்டும்தான் அழிக்கும்.

பரிதி வெளியே நின்றிருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து, என் வயிற்றின் மீது கை வைக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டார்.

நவம்பர் 6, வியாழன்

அசைந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று இரண்டாவது தடவை ஏற்றினார்கள், ஒழுங்காக நடந்தது. எழுத வேண்டியது அது இல்லை.

விடாத மழை. வேளச்சேரிப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்றார்கள். என்னை வார்டில் விட்டுவிட்டு மருந்து வாங்க ஆஸ்பத்திரி பார்மசிக்குப் போன பரிதி வெகுநேரம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மத்தியானம் தாண்டி, தொப்பலாக நனைந்து வந்தார். பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியதற்கு, தரை துடைக்கும் ஆயா அவரைத் திட்டினார்.

பார்மசியில் அவருக்கு முன்னால் ஓர் ஆட்டோக்காரர் நின்றிருக்கிறார். பெயர் தணிகாசலம், ஊர் செய்யாறு. மனைவிக்கு முதல் பிரசவம், ஆண் குழந்தை. அவளுக்கு நெகட்டிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ். சனிக்கிழமை பிறந்திருக்கிறது, இன்றோடு மூன்று நாள் கெடு முடிகிறது. ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே பாருங்கள் என்று மழைநாளில் அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு எதற்கு ஊசி என்றே சரியாகப் புரியவில்லை. "கொழந்தை நல்லாதான சார் இருக்கு, பொண்டாட்டியும் நல்லாதான் இருக்கா, நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்று பரிதியிடம் கேட்டிருக்கிறார்.

"அப்ப நான் என்ன பண்றது, சொல்லு" என்றார் பரிதி என்னிடம்.

அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிண்டி, தி.நகர், எழும்பூர் என்று கடை கடையாகப் போயிருக்கிறார். கடைசியில் புரசைவாக்கத்தில் ஒரு கடையில் இருந்தது. வாங்கிக் கொண்டுவந்து நர்ஸ் கையில் கொடுத்து, போட்டு முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"கெடச்சிடுச்சே, அது போதும்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். "வாங்கிட்டுத் திரும்பறேன், பின்னாடி இன்னொருத்தன் சீட்டோட நிக்கறான். அவனும் அதே ஊசிக்குத்தான் வந்திருக்கான். நான் அவன் மூஞ்சியப் பாக்காம பைக்க எடுத்துட்டு வந்துட்டேன்."

துண்டை ஜன்னல் கம்பியில் விரித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார், "உங்க சார்கிட்ட எடுத்துக்கச் சொல்லு."

டிசம்பர் 2, செவ்வாய்

முறைப்படி எல்லாம் நடந்தது. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு டாக்டர் வந்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று என்னைத் தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். குழந்தையைப் பாதிக்காத அளவு எவ்வளவு என்று பெனிட்டா சொன்னார், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்றார். கோமளாதான் எடுத்தாள். ஜாகீர் சார் அறைக்குள் வரவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஊசி போகும்போது உள்ளே உதைத்தது.

டிசம்பர் 20, சனி

வியாழக்கிழமை மூன்றாவது தடவை. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் இதயம் மெதுவாகிவிட்டது. மானிட்டரின் சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. யாரோ ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்கள். பெனிட்டா ஊசியை வெளியே எடுக்கவில்லை. "இரு, இரு, இரு, தங்கம்" என்றார். என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் இல்லை.

துடிப்பு திரும்பி வந்தது. எவ்வளவு நேரத்தில் என்று தெரியாது. எனக்கு ஒரு கோடை விடுமுறை அளவு நீளமாக இருந்தது.

இன்று டிஸ்சார்ஜ். காரில் வரும்போது பரிதி தானாகவே பேசினார். சிக்னலில் நின்றிருந்தோம்.

"அன்னிக்கு மயானத்துல பேரு கேட்டாங்க. பேரு இல்லாம பதிய மாட்டேன்னான். நம்ம இன்னும் வைக்கலியேன்னேன். ஏதாவது சொல்லுங்க சாருன்னான். நறுமுகைன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ கேக்கலியே."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கியரை மாற்றினார். நான் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

நான்காவது தடவை. ஒழுங்காக நடந்தது. அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் சமையலறையை மாற்றி அடுக்கிவிட்டார். உப்பு எங்கே என்று தெரியவில்லை.

ஜாகீர் சாருக்கு மார்ச் வரை நேரம் கொடுத்திருக்கிறார்களாம். கோமளா சொன்னாள். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பெண். ஒன்றே முக்கால் கிலோ. அழுதாள். நான் கேட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். தோல் மஞ்சள் பொடி பூசியது போல இருக்கிறது. நேற்று அவள் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தத்தை நிரப்பினார்கள். அப்படியும் என் ஆன்டிபாடி மிச்சம் இருக்கும், சில மாதங்கள் இருக்கும். கொடியை அறுத்த பிறகும் நான் அவளுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பால் கேட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. "அதுலயும் இருக்கும்ல டாக்டர்?" என்று குழந்தை டாக்டரிடம் கேட்டேன்.

"இருக்கும். வயித்துக்குப் போனா செரிச்சிடும், ரத்தத்துக்குப் போகாது. உங்களுக்கே தெரியுமேம்மா."

தெரியும். லேபுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு இதை நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் அவர் வாயால் இரண்டாம் தடவையும் சொல்ல வைத்தேன். அப்புறம்தான் பீய்ச்சிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தூங்கும்போது நெற்றியைச் சுருக்குகிறாள், பரிதி கணக்குப் போடும்போது செய்வது போல.

கோமளா போன் செய்தாள். என் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களில் ஒன்று நன்றாகச் சுரக்கிறதாம். அதன் மரபணுவை வளர்ப்புச் செல்லில் வைத்தாயிற்றாம். "தட்டு முழுக்கப் பாய்தான். சாரு பேசவே மாட்டேங்கறாரு. ரூமுக்குள்ள போயி உக்காந்துட்டாரு" என்றாள். நான் குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். துணி மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

உதடு வெளுத்திருக்கிறது என்று அம்மாதான் முதலில் சொன்னார். நான் வெளிச்சம் சரியில்லை என்றேன். பரிதி அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கார் சாவியை எடுத்தார். மறுபடி ரத்தம் ஏற்றினார்கள். என் வேலைதான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம்.

மார்ச் 27, வெள்ளி

ரத்தப் பரிசோதனை. அவள் உடம்பு சொந்தமாக ரத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டது. என்னுடையது அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் ஏற்ற வேண்டியிருக்காது. பரிதி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவராக மெல்ல உருவிக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன். விடுப்பு முடியவில்லை. சும்மா பார்க்கத்தான்.

ஜாகீர் சார் எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்து நின்றதில்லை. "இது இன்னும் மருந்து இல்ல பூங்கோதை. விலங்குல பாக்கணும், மனுஷங்ககிட்ட பாக்கணும். நாலஞ்சு வருஷம் ஆகும். நடுவுல எங்கயாவது படுத்துடவும் செய்யும். உங்ககிட்ட பெருசா எதுவும் சொல்லிட மாட்டேன்" என்றார்.

"தெரியும் சார்."

"பாப்பா எப்படி இருக்கா?"

போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

கோமளா இன்குபேட்டரைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். இளஞ்சிவப்பு மீடியம். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மற்ற செல்களைப் போலத்தான் இருந்தன. உருண்டையாக, பளபளவென்று, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. இவற்றைப் பார்த்தால் வெறுப்பு வரும் என்று நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் அழுகை வரும் என்று. நறுமுகையை நினைத்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது என்பதால், மயானத்தில் தனியாக நின்ற பரிதியின் முகம்தான் வந்தது.

சத்து தீர்ந்து மீடியம் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது. பசித்திருக்கின்றன.

"இன்னிக்கு யார் மாத்தணும்?" என்றேன்.

"நான்தான். சாப்ட்டு வந்து மாத்தலாம்னு இருந்தேன்."

"குடு. நான் மாத்தறேன்."

கையைக் கழுவி, கோட்டு மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதைச் சுவரோரமாக, செல்கள் கலையாமல் விட்டேன். மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதற்குள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது. ரவிக்கை நனைந்து கோட்டு வரைக்கும் ஈரம் வந்திருந்தது. அவளுக்கும் பசி நேரம். அம்மாவுக்குப் போன் செய்து, அழ விடாதே, கிளம்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.